கட்டு எண் 417 திறக்கும் நாள்

2004 நவம்பர் 9, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு, கசகாமி வட்டாரப் பொது நூலகத்தின் இரண்டாம் மாடியில், ஆவணக் காப்பகப் பிரிவின் மூன்றாம் எண் மேசையில், ஹிருகாவா தோமி என்ற ஐம்பத்து மூன்று வயதுப் பெண் ஒரு விசாரணைப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள். கட்டு எண் 417 எப்போது பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படும் என்பதுதான் அதிலிருந்த ஒரே கேள்வி.

வருகிற ஏப்ரல் முதல் தேதி என்று பதில் சொன்னார்கள். இன்னும் ஐந்து மாதம் கூட இல்லை. தோமி குனிந்து வணங்கி நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

417 என்பது நிரேசவா கிளைப் பள்ளியின் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 1955 ஜனவரியில் எழுதிய கட்டுரைகள். மொத்தம் முப்பத்தொன்று. தலைப்பு "எங்கள் வீட்டில்". நிரேசவா என்ற அந்த மலைக்கிராமம் இப்போது இல்லை. கடைசிக் குடும்பம் மலையை விட்டு இறங்கியபோது பள்ளியை மூடி, அதன் காகிதங்களை நூலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த முப்பத்தொன்றில் ஒன்றை எழுதியவன் ஓனுமா ஷோகிச்சி, தோமியின் அண்ணன்; ஓனுமா அவள் பிறந்த வீட்டுப் பெயர். எழுதி ஒரு மாதத்துக்குள், பிப்ரவரியில், பள்ளியிலிருந்து வரும் வழியில் பனிச்சரிவில் போய்விட்டான். அவன் தொப்பி, பை, நோட்டுகள், பென்சில் டப்பா எல்லாவற்றையும் அம்மா அவனுடன் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டாள். அப்படித்தான் செய்வார்கள். புகைப்படம் எடுக்கிற வசதி அந்த வீட்டுக்கு இருந்ததில்லை. ஆக, அவன் கை பட்ட பொருள் என்று பூமியில் மிச்சமிருந்தது இரண்டு தாள்கள். அப்படியொன்று இருப்பதே தோமிக்குத் தெரியாது. 2004 அக்டோபரில் அம்மாவின் இறுதிச் சடங்குக்கு வந்த ஷோகிச்சியின் வகுப்புத் தோழர் ஒருவர், சேக் மதுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, போகிற போக்கில் சொன்னதுதான்.

அண்ணன் இறந்தபோது தோமிக்கு மூன்று வயது. அவனைப் பற்றி அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. மூக்கருகே ஒரு பஞ்சுச் சட்டையின் காலர். ஈர வைக்கோல் வாசனை. அது யாருடைய காலர் என்றுகூட நிச்சயமாகத் தெரியாது.

2005 ஏப்ரல் முதல் தேதி காலையில், நூலகம் திறப்பதற்கு முன்பே தோமி வாசலில் நின்றாள். பள்ளி மதிய உணவுக் கூடத்தில் இருபது ஆண்டாகச் சமைக்கிறவள், அன்றைக்கு விடுப்பு. மாடிக்கு ஏறி, கைப்பையைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, கையைக் கழுவி, அங்கே தருகிற பென்சிலை வாங்கிக்கொண்டு மூன்றாம் எண் மேசைக்குப் போனாள். அங்கே கினுகாசா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தவள். அவளுக்கு அது வேலையில் முதல் நாள், முதல் வாசகர்.

கினுகாசா உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தாள்.

"ரொம்ப மன்னிக்கணும். இந்தக் கட்டு 2055 ஏப்ரல் ஒண்ணாந்தேதி திறக்கும்னு இருக்கு."

"இன்னிக்குன்னு சொன்னாங்களே."

"போன நவம்பர்ல யாரோ ஒருத்தர் இதைப் பத்தி விசாரிச்சிருக்காங்க. அந்தப் படிவத்தைக் கட்டுல சேர்த்திருக்கு. கடைசித் தாளோட தேதியிலேர்ந்து அம்பது வருஷம்ங்கறது கணக்கு."

"யாரு விசாரிச்சது?"

"அது தனிநபர் தகவல், சொல்லக் கூடாது" என்று சொல்லி, கினுகாசா கையிலிருந்த படிவத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு மேசையில் கிடந்த புதிய விண்ணப்பத்தைப் பார்த்தாள். அவள் காது சிவந்தது. தோமி தன் கையெழுத்தை எட்டத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டாள்.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் கிடையாது. 1968 வெள்ளத்தில் ஆற்றுத் தண்ணீர் நூலகத்தின் கீழ்த்தளத்துக்குள் புகுந்து, கடிதங்கள் ஒரு பக்கமும் இணைப்புகள் ஒரு பக்கமுமாகப் பிரிந்து மிதந்தன. எது எதோடு சேர்ந்தது என்று கண்டுபிடிக்க ஒன்பது ஆண்டு ஆயிற்று. அதற்குப் பிறகு ஒரு விதி வந்தது: ஒரு கட்டைப் பற்றிய தாள் எதுவும் அந்தக் கட்டை விட்டுப் பிரிந்திருக்கக் கூடாது, உடனே அதோடு வைத்துத் தைத்துவிட வேண்டும். வேறொரு இயக்குநர் காலத்தில் இன்னொரு விதி வந்தது: தனிநபர்களின் குடும்ப விஷயங்கள் அடங்கிய கட்டு, அதன் கடைசித் தாள் சேர்ந்த நிதியாண்டு முடிந்து ஐம்பது ஆண்டு மூடியிருக்க வேண்டும். இரண்டும் நல்ல விதிகள். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. கேட்காத வரைக்கும் விதிகள் ஒழுங்காகவே வேலை செய்தன. கேட்காதவர்களுக்கு எல்லாக் கட்டுகளும் உரிய நாளில் திறந்தன.

அவள் கணவன் கிஹெய் வாடகைக் கார் ஓட்டுகிறவன். நூலக வாசலில் காத்திருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

"அப்ப கேட்டதுதான் தப்பு. கேக்காமலே இருந்திருந்தா இன்னிக்குப் படிச்சிருப்ப."

"கேக்காம எப்படித் தெரியும், என்னைக்குத் திறக்கும்னு?"

"அதைத்தான் அவங்களும் யோசிச்சிருப்பாங்க."

தோமி ஆட்சேபம் எழுதிக் கொடுத்தாள். ஐந்து பேர் கொண்ட மறுஆய்வு மன்றம் மூன்று முறை கூடி, ஆட்சேபம் நியாயமானது என்று ஒருமனதாக முடிவு செய்தது. அந்த முடிவு ஐந்து பக்கம். அதைக் கட்டில் சேர்த்துத் தைத்தார்கள். திறக்கும் நாள் 2056 ஆயிற்று.

கினுகாசா ஒரு யோசனை எழுதிக் கொடுத்தாள்: விசாரணைக் கடிதங்களுக்குத் தனிக் கோப்பு போடலாமே என்று. தாளில் கையெழுத்துக்குப் பதிலாக ஏழு பேர் தங்கள் பெயர் முத்திரையை வைக்க வேண்டும். கசகாமி அலுவலகங்களில் ஒரு வழக்கம் உண்டு. கீழே இருக்கிறவர் தன் முத்திரையை இடப்பக்கம் சற்றுச் சாய்த்து வைப்பார். மேலதிகாரியின் முத்திரையைப் பார்த்து அது குனிந்து வணங்குவதுபோல இருக்கும். கினுகாசா புதியவள், நேராக வைத்துவிட்டாள். தாள் திரும்பி வந்தது. அவள் முத்திரையைச் சாய்த்து வைத்து மறுபடி அனுப்பினாள். வணங்கினது போதாது என்று இன்னொரு முறை திரும்பியது. மூன்றாம் தடவை ஏழு முத்திரைகளும் கல்லறை முன் நிற்கிற குடும்பம்போல வரிசையாகச் சாய்ந்திருக்க, யோசனை மிகச் சிறப்பானது என்ற குறிப்போடு ஏற்கப்பட்டது. கட்டு 417ஐப் பற்றிய தாள் என்பதால் அதையும் 417இல் தைத்தார்கள். தனிக் கோப்பு பற்றி அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

நூலக இயக்குநர்கள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறுவார்கள். வரி அலுவலகத்திலிருந்து ஒருவர் வருவார், பூங்காத் துறையிலிருந்து ஒருவர் வருவார். ஒருவர் மாதிரி இன்னொருவர் இருக்க வேண்டியதில்லை என்று தோமி நினைத்தாள். ஐம்பது ஆண்டோ எழுபது ஆண்டோ அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்; அதனால் கேட்பதில் நஷ்டமும் ஒன்றுமில்லை. ஆண்டுக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்துவந்தாள். "புதுசா வர்ற ஒவ்வொரு இயக்குநருக்கும் முதல் வரவேற்பு உன்னுதுதான்" என்று கிஹெய் சொல்வான். நூலகத்துக்குப் போகிற நாளில் அவளே கேட்காமல் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியும் விடுவான்.

பூங்காத் துறையிலிருந்து வந்தவர் ஒரு வழி சொன்னார். கட்டுரை எழுதியவர்கள் எல்லாரும் சம்மதித்தால் ஐம்பது ஆண்டு காத்திருக்க வேண்டாம். கட்டு ஒரே தையலாக இருப்பதால் ஒருவர் சம்மதம் போதாது, முப்பத்தொருவரும் சம்மதிக்க வேண்டும்.

தோமி மூன்று ஆண்டு அலைந்தாள். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது அறுபது வயது தாண்டியிருந்தது. ஒருவர் ஒசாகாவில் சலவைக் கடை வைத்திருந்தார். ஒருவர் சப்போரோவில் மகள் வீட்டில் இருந்தார். படிவத்தில் வைக்க முத்திரை தேடும்போது எல்லாரும் ஏதாவது பேசினார்கள். ஷோகிச்சி நன்றாக விசில் அடிப்பான் என்று ஒருவர் சொன்னார், இல்லை, விசில் அடித்தது வேறொருவன் என்று இன்னொருவர் சொன்னார். முதியோர் இல்லத்தில் இருந்த ஒரு பெண் தோமியை ஆசிரியை என்று நினைத்துக்கொண்டு, கட்டுரை கொடுக்கத் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டாள். நாளைக்குக் கொடு, பரவாயில்லை என்று தோமி சொன்னாள். பதினொரு பேர் இறந்துவிட்டிருந்தார்கள். அவர்கள் வாரிசுகளைத் தேடிப் பிடித்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் கசகாமியின் அவரைப்பருப்பு இனிப்பு ஒரு பெட்டி. 2010 பிப்ரவரியில் முப்பது சம்மதப் படிவங்களைத் துணியில் சுற்றி மூன்றாம் எண் மேசைக்குக் கொண்டுபோனாள். முப்பத்தொன்றாவதை அங்கேயே, ஷோகிச்சியின் வாரிசு என்ற முறையில், தானே நிரப்பி முத்திரை வைத்தாள்.

கினுகாசா அந்தப் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். இந்நேரத்துக்குள் அவளுக்கு எல்லாப் படிவங்களின் பின்பக்கமும் மனப்பாடம். ஆனாலும் இந்த முறை எழுத்து மாறியிருக்கக்கூடும் என்பதுபோல மெதுவாகப் படித்தாள்.

"விண்ணப்பிக்கறவரும் சம்மதிக்கறவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு, ஹிருகாவா-சான்."

"எங்க அம்மாவும் போயிட்டாங்க. அவனுக்கு வேற யாரும் இல்ல."

"தெரியும்."

"அப்ப அவனே வந்து சம்மதிக்கணுமா?"

கினுகாசா உள்ளே போய்க் கேட்டுவந்தாள். அவர் சம்மதிக்க இயலாத நிலையில் இருக்கிறார் என்பதற்குச் சான்று கொண்டுவந்தால் பரிசீலிக்கலாம் என்றார்களாம். தோமி இறப்புச் சான்று வாங்கி வந்து கொடுத்தாள். ஓனுமா ஷோகிச்சி சம்மதிக்க இயலாத நிலையில் இருக்கிறார் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டது. ஆகவே சம்மதம் இல்லை என்று தீர்மானித்தார்கள். முப்பது சம்மதங்கள், ஒரு சம்மதமின்மை, ஒரு இறப்புச் சான்று எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தார்கள். அந்தத் தையலுக்குப் புதிதாக நீள ஊசி வாங்க வேண்டியிருந்தது.

2015இல் தோமியின் கண்ணில், பார்வைக்கு நட்டநடுவில், ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. வயசானால் சிலருக்கு வருவதுதான், முழுக்கக் குருடாகாது என்று மருத்துவர் சொன்னார். ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரியும். எதை நேராகப் பார்க்கிறோமோ அது மட்டும் தெரியாது. முள்ளங்கி நறுக்கும்போது விரல் தெரிவதில்லை என்பதால் சமையல் வேலையை விட்டாள். செய்தித்தாளைக் கிஹெய் வாசித்துக் காட்டுவான். அவனுக்குப் பிடிக்காத கட்சியின் செய்தியை விட்டுவிடுவான். அந்த ஆண்டு விண்ணப்பத்தில் அவள் ஒரு வரி கூடுதலாக எழுதினாள்: புள்ளி பெரிதாகிக்கொண்டு வருகிறது, இன்னும் சில ஆண்டு போனால் கட்டைத் திறந்தாலும் என்னால் படிக்க முடியாது, தயவுசெய்து இதைக் கவனிக்க வேண்டும். நூலகத்தில் கண் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டும் அறை இருக்கிறது, அதற்கு மாகாண அளவில் பரிசும் கிடைத்திருக்கிறது, ஆவணங்கள் திறக்கப்பட்டதும் அதைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. பதிலின் நகலைத் தைத்தார்கள்.

நூலகத்துக்கு 2023இல் நூறு வயது. அதன் நூற்றாண்டு வரலாற்றை எழுத 2016இலேயே ஒரு குழு அமைத்தார்கள். முதல் இரண்டு ஆண்டு அட்டையின் நிறத்தை முடிவு செய்வதில் போயிற்று. சாம்பல் கலந்த பச்சையா, பச்சை கலந்த சாம்பலா என்பது வாக்கெடுப்பு வரை போனது. பிறகு குழு உள்ளே என்ன எழுதுவது என்று பார்த்தது. 1923இல் ஒரு சேக் வியாபாரி தன் கிடங்கில் முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களோடு வாசகசாலை திறந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். வாசலில் சிலை இருக்கிறது. அப்புறம் போர்க்காலத்தில் பதிவேடுகளைக் கூழாக்கக் கொடுத்துவிட்டார்கள். போருக்குப் பிந்தைய காகிதங்கள் வெள்ளத்தில் போயின. வெள்ளத்துக்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது: அலுவலகக் காகிதங்களைப் பத்து ஆண்டு வைத்திருந்து அழித்தார்கள், என்ன அழித்தோம் என்ற பட்டியலை ஐந்து ஆண்டு வைத்திருந்து அதையும் அழித்தார்கள். வட்டாரம் முழுவதும் உள்ள ஆவணங்களைக் காப்பாற்றி வைக்கிற நிறுவனத்தில், அந்த நிறுவனத்தைப் பற்றிப் பத்து ஆண்டுக்கு முந்தைய தாள் ஒன்றுகூட இல்லை. விதிகளை இவ்வளவு சுத்தமாகப் பின்பற்றிய நூலகம் வேறில்லை என்று குழு தன் அறிக்கையில் பெருமையோடு குறிப்பிட்டது.

2021 ஏப்ரலில் கழிவுநீர்த் துறையிலிருந்து முகிகுரா இயக்குநராக வந்தார். நல்ல மனிதர், சிடுசிடுப்பு கிடையாது. யாராவது ஒரு தாளை நீட்டினால் படிப்பதற்கு முன்பே முத்திரையை எடுத்துவிடுவார். வரலாறு இல்லாமல் நூற்றாண்டு விழா எப்படி என்று அவர் கவலைப்பட்டுக் கேட்டபோது, கினுகாசாதான் சொன்னாள்: அழிக்காத கட்டு ஒன்று இருக்கிறது.

417 அப்போது ஒரு அடி உயரம் இருந்தது. அடியில் விரல்கனத்துக்குப் பிள்ளைகளின் கட்டுரைகள். மீதியெல்லாம் தோமி கேட்டதும், அவளுக்குச் சொன்னதும். ஒவ்வோர் ஆண்டின் கடிதத் தலைப்பும் அதில் இருந்தது. திறக்கும் நேரம் மாறியது, தொலைபேசி எண் மாறியது, பிரிவுகளின் பெயர் மாறியது எல்லாம் இருந்தது. எட்டு இயக்குநர்களின் முத்திரையும், யார் யாருக்கு எவ்வளவு குனிந்தார்கள் என்பதும் இருந்தது. அலுவல் காரணமாகக் கட்டைப் பார்க்க ஊழியர்களுக்குத் தடை கிடையாது. குழு கட்டைத் தூக்கிக்கொண்டு போய், நூற்றாண்டு வரலாற்றின் ஏழாம், எட்டாம் அத்தியாயங்களை அதிலிருந்தே எழுதியது. அதற்கு முந்தைய முப்பத்தைந்து ஆண்டை "இக்காலத்தில் நூலகம் அமைதியாக வளர்ந்தது" என்ற ஒரு வாக்கியம் தாங்கிக்கொண்டது.

கடைசியில் ஒரு படம் தேவைப்பட்டது. குழந்தைகள் எழுதியது என்றால் எல்லாருக்கும் பிடிக்கும் என்றார் முகிகுரா. கட்டுரைகளில் கறை படாமல் இருந்தது ஓனுமா ஷோகிச்சியுடையது. எழுதியவர் சம்மதிக்கவில்லை என்பது கோப்பில் இருந்தபடியால், அடையாளம் தெரிகிற எதையும் மறைத்துவிட்டு அச்சிடலாம் என்று முடிவாயிற்று. அதன் ஒரு தாளின் நகலையும் கறுப்புப் பேனாவையும் கினுகாசாவிடம் கொடுத்தார்கள். முகிகுராவும் துணை இயக்குநரும் எதிரே உட்கார்ந்து, அவள் வரிவரியாக வாசிக்க வாசிக்கத் தீர்ப்புச் சொன்னார்கள். பெயர்களை அடித்தாள். உறவுமுறைகளை அடித்தாள். வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பது குடும்பத்தின் பொருளாதார நிலை, அடித்தாள். மலை, ஓடை, கோயில் எல்லாம் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

"பனி?" என்று கேட்டாள் கினுகாசா.

"பனின்னா நம்ம பக்கம்னு தெரிஞ்சுடுமே" என்றார் துணை இயக்குநர்.

"இது நம்ம பக்கத்து நூலகம்தானே, ஐயா."

"அதனாலதான் சொல்றேன். அடிங்க."

'கனமாக இருந்தது' என்ற இடத்தில் நாற்பது நிமிடம் நின்றார்கள். எடை என்பது உடல்நலத் தகவல் என்றார் துணை இயக்குநர். முகிகுரா யோசித்தார். கழிவுநீர்த் துறையில் அவர் குழாய்களின் எடையோடு பல ஆண்டு புழங்கியவர்.

"எத்தனை கிலோன்னு பையன் எழுதியிருக்கானா?"

"இல்ல."

"அப்ப அது வெறும் கனம். கனத்துல தனிநபர் ஒண்ணும் இல்ல. விட்டுடுங்க."

அதற்கு அடுத்த வரியும் தப்பித்தது. கட்டத்துக்கு ஓர் எழுத்தாக நானூறு கட்டங்கள் உள்ள தாளில் முந்நூற்றெழுபது கறுப்பு.

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை, நூலக மண்டபத்தில் விழா. தோமிக்கு எழுபத்திரண்டு வயது. காப்பகப் பிரிவை மிக நீண்டகாலம் தொடர்ந்து பயன்படுத்திய வாசகர் என்று அவளுக்கு நன்றிப் பத்திரம் கொடுக்க அழைத்திருந்தார்கள். முதல் வரிசையில், மார்பில் காகிதப் பூக் குத்தி உட்கார வைத்தார்கள். படி இறங்கும்போது பிடித்துக்கொள்ளக் கினுகாசாவைப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். கிஹெய் வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் வெளியே சுற்றிக்கொண்டிருந்தான்.

முகிகுரா மேடையில் சொன்னார்:

"இந்த நூலகம் யாருக்கும் எதையும் மறுத்ததில்லை. உரிய காலத்தில் தருகிறோம் என்றுதான் சொல்லியிருக்கிறோம். ஹிருகாவா-சான் பத்தொன்பது ஆண்டு கேட்டார்கள். நாங்களும் பத்தொன்பது ஆண்டு பதில் சொன்னோம். ஒரு பதிலையும் தாமதப்படுத்தியதில்லை. இன்று நமக்கு ஒரு வரலாறு இருக்கிறதென்றால், அவர்கள் கேட்டதைக் கொடுக்காததால்தான். முதல் நாளே கொடுத்திருந்தால் இந்த இரண்டு அத்தியாயங்களையும் எங்கே போய்த் தேடியிருப்போம்?"

கைதட்டினார்கள். தோமி தன்னைச் சொல்கிறார்கள் என்று எழுந்து குனிந்தாள். கினுகாசா கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நம் காப்பகத்தில் ஒரு சிறுவன் எழுதிய தாள் இருக்கிறது. யார் என்பது முக்கியமில்லை. அதில் இரண்டு வரி. 'கனமாக இருந்தது. ஆனாலும் இறக்கி வைக்கவில்லை.' இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. எழுபது ஆண்டுக்கு முன்னால் அந்தச் சிறுவன் நம்மைப் பற்றித்தான் எழுதியிருக்கிறான். வரலாற்றின் கனம். நாம் இறக்கி வைக்கவில்லை. இனியும் மாட்டோம்."

இதற்கு இன்னும் நீளமாகக் கைதட்டினார்கள். நகராட்சி மன்றத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோமியும் கைதட்டினாள்.

பிறகு நன்றிப் பத்திரமும் நூற்றாண்டு வரலாறு ஒரு பிரதியும் கொடுத்தார்கள். புத்தகம் பச்சை கலந்த சாம்பல். தோமி அதை மடியில் வைத்துப் பைக்குள்ளிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தாள். கினுகாசா அவளுக்காகப் படம் இருந்த பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள். இது உங்க அண்ணனோடது என்றாள். படத்தின் கீழே 417 என்று அச்சாகியிருந்தபடியால் அதைச் சொல்வதில் தடையில்லை.

தோமி நேராகப் பார்த்தாள். கறுப்பாக இருந்தது. தலையை இடப்பக்கம் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்போதும் கறுப்பாகவே இருந்தது. மேலே, கீழே என்று கண்ணாடியை நகர்த்தினாள்.

"கினுகாசா-சான், இது என் கண்ணா, மையா?"

"மைதான், ஹிருகாவா-சான். உங்க கண்ணு இல்ல."

"எல்லாமேவா?"

"ரெண்டு வரி இருக்கு. இங்க, இடது ஓரத்துல." கினுகாசா அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். "இப்ப மேடையில படிச்சாங்களே, அது."

தோமி விரலை எடுக்கவில்லை. மேடையில் நகராட்சி மன்றத் தலைவர் பேச ஆரம்பித்திருந்தார்.

"எது கனமா இருந்துச்சாம்?"

கினுகாசா பதினெட்டரை ஆண்டாக ஆண்டுக்கு ஒரு தடவை அந்தக் கட்டைத் தைத்தவள். தைக்கும்போதெல்லாம் ஊசி அடியிலுள்ள தாள் வரை இறங்குகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவை, வேலையில் அறிந்த எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்ற உறுதிமொழியிலும் முத்திரை வைத்தவள். அவள் மேடையைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் துணை இயக்குநர் உட்கார்ந்திருந்தார்.

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மூணு வயசுல நீங்க எத்தனை கிலோ இருந்திருப்பீங்க?" என்று கேட்டாள்.

தோமி புத்தகத்தைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனாள். புது மை வாசனைதான் அடித்தது. அப்படியே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் இருந்தவர்கள், கண் தெரியாத பாட்டி பக்கத்தில் வைத்துப் படிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தார்கள்.

"நான் நல்லா கொழுகொழுன்னு இருப்பேனாம். அம்மா சொல்லுவாங்க."

கினுகாசா தலையை மட்டும் அசைத்தாள்.

வெளியே கிஹெய் வண்டியை வாசலுக்கே கொண்டுவந்திருந்தான். நன்றிப் பத்திரத்தை வாங்கிப் பின் இருக்கையில் வைத்தான்.

"கடைசியில குடுத்துட்டாங்களா? என்ன எழுதியிருக்கான்?"

"கனமா இருந்துச்சாம்."

"எது?"

"நான்."

கிஹெய் கிண்டல் எதுவும் சொல்லவில்லை. முன்கதவைத் திறந்து பிடித்தான்.

துணை இயக்குநர் திங்கட்கிழமை நூலகம் மூடியிருந்ததால் செவ்வாய்க்கிழமை ஒரு சம்பவ அறிக்கை எழுதினார். விழா நேரத்தில் ஊழியர் ஒருவர் வாசகரிடம் அவருடைய மூன்று வயது எடையை விசாரித்தார், விசாரித்ததன் நோக்கம் தெளிவாகவில்லை என்று அதில் இருந்தது. முகிகுரா படித்துவிட்டு, முதல் தடவையாக முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்ததாகச் சொல்கிறார்கள். பிறகு வைத்தார். 2024 மார்ச்சில் ஒப்பந்தம் முடிய, கினுகாசா தன் வேலைக்கே மறுபடி விண்ணப்பித்துத் தேர்வு எழுதினாள். தேர்வாகவில்லை. புறவழிச்சாலையில் பனி வாரும் மண்வெட்டியும் வீட்டுச் சாமான்களும் விற்கிற பெரிய கடையில் இப்போது வேலை செய்கிறாள். நன்றிப் பத்திரத்தின் நகலையும் சம்பவ அறிக்கையையும் வேறொருவர் தைத்தார்.

தோமி அதற்குப் பிறகு விண்ணப்பிக்கவில்லை. கண்ணின் புள்ளி இன்னும் பெரிதாகிவிட்டது. புத்தகத்தில் அந்த இரண்டு வரியின் மேல் விரலை வைக்க மட்டும் அவளுக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை.

2025 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை, நூலகத்திலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. கிஹெய் வாசித்துக் காட்டினான். நடப்பு நிதியாண்டில் காப்பகப் பிரிவின் மூன்றாம் எண் மேசைக்கு விண்ணப்பம் எதுவும் வரவில்லை என்றும், சென்ற ஆண்டோடு ஒப்பிட்டால் பயன்பாடு முழுமையாகக் குறைந்திருக்கிறது என்றும், இந்த ஆண்டு விண்ணப்பிக்கும் எண்ணம் உண்டா என்று மார்ச் மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. பதில் அனுப்ப உறையும் வைத்திருந்தார்கள். தோமி பதில் எழுதவில்லை.

கடிதத்தின் நகல் கட்டில் சேர்க்கப்பட்டது. கட்டு எண் 417 2075 ஏப்ரல் 1 அன்று திறக்கும்.